பக்கத்து சீட்

"மறுபடியும் எங்கே கிளம்பிட்டீங்க?"

"நடக்க வேணாமா? ஒரே இடத்துல உட்கார்ந்தா கால் வீங்கும்னு உன் பொண்ணுதானே சொன்னா!"

சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற கண்டக்டர் சீட் சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நடந்தார். விமானத்தில் பின்பக்கமும் நடக்க இடம் இருக்கிறது. அவர் கால் மட்டும் முன்னால்தான் போகும்.

அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் மகள் போனிலேயே பாடம் நடத்திவிட்டாள். தண்ணீர் நிறையக் குடிக்கணும். காது அடைத்தால் மிட்டாய் மெல்லணும். குளிருக்குச் சால்வை, காலுக்கு இறுக்கமான சாக்ஸ், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, கழுத்துக்கு வளைந்த தலையணை என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வந்து இறங்கியது. தலையணையை மாட்டிக்கொண்டு வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கி இருவரும் ஒத்திகைகூடப் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்தச் சாமான்கள் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்து சீட். நடுவில் இறங்க முடியாத வண்டி. இந்த ஒரு தடவையாவது மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து வருவார் என்பதுதான் அவள் ஆசை.

அது இன்று நேற்று வந்த ஆசை இல்லை.

கல்யாணமான புதிது. அவர் வேலை பார்த்த தொலைதூர பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பினார்கள். ஜன்னல் ஓரமாக அவளை உட்காரவைத்து, பக்கத்து சீட்டில் தன் துண்டைப் போட்டுவிட்டு டிக்கெட் கொடுக்கப் போனார். "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று ஏறிய கூட்டத்தோடு மல்லுக்கட்டி அந்த சீட்டை அவள் காப்பாற்றினாள்.

ஆள் வரவில்லை. டிக்கெட் கொடுத்து முடித்தவர் நேராகப் போய் டிரைவர் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல், இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். ஊர் போய்ச் சேரும்வரை வாய் ஓயவில்லை. பேச்சிலும் சிரிப்பிலும் பஸ்ஸே அதிர்ந்தது. அவள் அந்தத் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள்.

"விடிய விடிய அப்படி என்னதான் பேச்சு?"

"தொழில் பேச்சு. உனக்குப் புரியாது."

அதற்குப் பிறகு போன பயணமெல்லாம் அதே கதைதான். அந்த டீசல் வாசனையும், ஜன்னல் காற்றில் பறந்த முடியும் இன்று நினைத்தாலும் அவளுக்கு இனிக்கும். பக்கத்து சீட்டை நினைத்தால் மட்டும் நெஞ்சில் முள் குத்தும்.

இப்போதும் முன்பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"திருந்தாத ஜென்மம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கண் பட்டையை இழுத்து மாட்டினாள். தூக்கம் வந்தால்தானே! கழற்றியபோது ஏர்ஹோஸ்டஸ் பெண் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"முழிச்சிட்டீங்களாம்மா? ஐயா பாத்ரூம் வரிசையில நிக்கிறார்."

"அவர் தொல்லை தாங்கலையா? கோவிச்சுக்காதேம்மா. அவருக்கு ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் பேசணும், பொண்டாட்டியைத் தவிர."

"ஐயோ அம்மா, அவர் அரட்டை அடிக்கவா வந்தார்? ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். 'ஓட்டுறவர் சாப்பிட்டாரா? தூக்கம் வராம இருக்கப் பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கா? இல்லேன்னா நான் போய் உட்காரட்டுமா?' எங்களுக்குச் சிரிப்புத் தாங்கல."

"அடக் கடவுளே! மானம் போச்சு."

"நானும் கேட்டுட்டேன். 'இத்தனை பேர் நிம்மதியா வராங்க, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?'ன்னு."

"என்ன சொன்னார்?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"'வண்டியில என் சம்சாரம் தூங்குறாம்மா. அவ தூங்குற வண்டியில டிரைவரைக் கண் அசர விடமாட்டேன். பஸ்ல போன காலத்துல இருந்தே அப்படித்தான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, தெரிஞ்சா பயத்துல தூங்கவே மாட்டா'ன்னார்."

  என்ஜின் பெட்டிமேல் தெரிந்த அந்த முதுகை அவள் எத்தனை வருஷம் திட்டித் தீர்த்திருக்கிறாள்!

கண்டக்டர் திரும்பி வந்தார்.

"தூங்கலையா நீ?"

 அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கழுத்துத் தலையணையை எடுத்து மாட்டிவிட்டாள். சால்வையைப் போர்த்தினாள்.

"ஓட்டுறவங்க ரெண்டு பேராம். சாப்பிட்டாச்சாம். நல்லா பேசிக்கிட்டே ஓட்டுறாங்களாம். தூங்குங்க."

"அந்தப் பொண்ணு சொல்லிடுச்சா?" திருட்டு முழி முழித்தார்.

"வாயை மூடிக்கிட்டுத் தூங்குங்கன்னா!"

கொஞ்ச நேரத்தில் தலையணையோடு அவர் தலை அவள் தோளில் சரிந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பக்கத்து சீட்டுக்கு ஆள் வந்துவிட்டது.

தோள் மரத்தும் அவள் அசையவில்லை. கை எட்டும் இடத்தில் இருந்த பொத்தானை மட்டும் மெதுவாக அழுத்தினாள்.

ஏர்ஹோஸ்டஸ் பெண் ஓடிவந்தாள். "என்னம்மா வேணும்? தண்ணியா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். பைலட்டுக்கு இன்னொரு காபி குடுத்துட்டு வாம்மா. இவர் தூங்குறார்."