கொடியில் காயும் சட்டைகள்

குளம்புச் சத்தம் நெருங்க நெருங்க, தெபோரா சின்னச் சின்னச் சட்டைகளை வாளியில் முக்கி, பிழியாமல்கூடக் கொடியில் வீசினாள். வருகிறவர் சைலஸ். காட்டைத் திருத்திக் குடியேறிய குவேக்கர் சபைக் கிறிஸ்தவர்களின் சேதியைக் கிழக்கே தாய்வீடுகளுக்குக் கொண்டுபோகிறவர். குவேக்கர் வாயில் பொய் வராது. கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லிவிடுவார். அங்கே அம்மா, பேரப்பிள்ளைகள் நினைப்பில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கொடி கொள்ளாத துணி! வாலுகள் மூன்று பேரும் பெண்டை நிமிர்த்துகிறார்கள் போலிருக்கிறதே, சகோதரி?" சிரித்தபடி குதிரையிலிருந்து இறங்கினார் சைலஸ்.

"பார்த்தீர்களல்லவா? பார்த்ததை அம்மாவிடம் சொல்லுங்கள், போதும்."

"முகத்தையும் பார்த்துவிட்டால் இன்னும் நன்றாகச் சொல்வேனே. எங்கே அவர்கள்?"

தெபோரா வாயைத் திறக்கவில்லை. அவளும் குவேக்கர்தான்.

அதற்குள் குதிரை வேலியோரம் போய், அங்கே மட்டும் புதிதாய் முளைத்திருந்த இளம்புல்லில் வாய் வைத்தது. அவள் அலறிக்கொண்டு ஓடி, கடிவாளத்தைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா இது? வெறும் புல்தானே?"

"புதைத்த இடத்தில் கல் நடும் வழக்கம் நமக்கு இல்லையே, சகோதரா" என்றாள் தெபோரா. "மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள்."