ஒன்பதுக்கு ஒன்று

மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா காலையிலிருந்து ஆறாவது முறையாக அவன் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா கம்ப்யூட்டரில் ஆன்லைன் பேஸ்பால் லீக் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெத்த பிள்ளை எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு தெரியல. உங்களுக்கு விளையாட்டு கேக்குது.”

“இன்னைக்குப் பரம எதிரியோட மேட்ச். கொஞ்சம் இரு.”

“நீங்களா ஓடி ஆடப் போறீங்க?”

“ஒவ்வொரு டீமுக்கும் ஒருத்தர். யார் யார் ஆடணும்னு அவர் பட்டியல் கொடுத்தா போதும். கம்ப்யூட்டரே ஆடி முடிச்சு ஸ்கோர் சொல்லிடும். எதிர் டீம்ல பந்து வீசறவனுக்குத் தோள்ல காயம். இருந்தும் தினமும் அவனையே இறக்கிட்டிருந்தாங்க.”

“அப்ப ஜெயிச்சுடுவீங்க. சந்தோஷமா இருங்க.”

காலை பத்து மணிக்குத் திரையில் முடிவு வந்தது. ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு.

“தோத்துட்டுச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

“காயம்பட்டவனை எடுத்துட்டுப் புது ஆளைப் போட்டிருக்கான். கம்ப்யூட்டர் அதைத் தானா செய்யாது. இன்னைக்குக் காலைல உக்காந்து மாத்தியிருக்கான்.”

“எவனோ மாத்தினா உங்களுக்கென்ன?”

“அந்த டீம் நம்ம பையனோடது. அவனைத் தவிர வேற யாரும் அதுல கை வைக்க முடியாது.”

அம்மா கைப்பேசியைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவனோட உங்களுக்கு அடுத்த மேட்ச் எப்ப?”

“வியாழக்கிழமை.”

“அதையும் தோத்துடுங்க.”