இருபத்து மூன்றாம் நிமிடம் வரை

நான்காவது நிமிடத்திலேயே வியோரெலுக்கு முழங்கால் கடுக்கத் தொடங்கிவிட்டது.

கால்பந்து மைதானத்தில், கோலுக்குப் பின்னால் இருந்த பார்வையாளர் படிவரிசையில் எண்ணூறு பேர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பார்ப்பதற்கு மேல்வரிசைக்காரர்களின் முதுகுகள், அதற்கு மேலே சுவர், சுவருக்கு மேலே மூடிப்போன தோல் ஆலையின் புகைபோக்கி. அவ்வளவுதான்.

புது முதலாளி வந்த கையோடு, பழுப்பு நிறச் சட்டை கடையில் விலைபோகாது என்று சொல்லி அணியை நீலத்துக்கு மாற்றிவிட்டார். தோல் ஆலைக்காரர்கள் தொடங்கிய அணி. தோலின் நிறம்தான் அதன் நிறம். எதிரணிக்காரர்கள் அதைச் சாணி நிறம் என்பார்கள். அதற்காகவே இவர்கள் இன்னும் விறைப்பாகப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்த நீலத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று இலையுதிர் காலத்தில் கூடிப் பேசினார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் பத்து நிமிடம் திரும்பி நின்றால் போதும் என்றார்கள் சிலர். எழுந்து நின்று, அணி பிறந்தது 1923, அதனால் இருபத்து மூன்று நிமிடம் என்று அடித்துப் பேசியவர் வியோரெல்தான். கைபேசி கூடாது, ரேடியோ கூடாது என்றதும் அவரே.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இன்று கோலில் நிற்பது அவர் மகன் கோஸ்மின்.

பதினோரு வருடம் மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்தே முப்பத்து மூன்று வயதாகிவிட்டது அவனுக்கு. முதல் கோல்கீப்பருக்கு ஒரே ஓர் ஆட்டம் தடை. அடுத்த வாரம் அவன் வந்துவிடுவான். ஜூனில் கோஸ்மினின் ஒப்பந்தமும் முடிகிறது. இதுதான் முதல் ஆட்டம், இதுவேதான் கடைசியும்.

நேற்றுச் சாயங்காலம் போனில், நாளைக்கு ஒரு தடவை என்னைப் பாருப்பா என்று மட்டும் கேட்டான். இருபத்து மூன்றாவது நிமிடத்திலிருந்து பார்க்கிறேன் என்றார் இவர். சரி என்று வைத்துவிட்டான்.

பக்கத்தில் நின்ற பாந்தேலே, ஆலையில் முப்பது வருடம் கூட வேலை பார்த்தவர், நீ திரும்பினால் எவனும் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டார். வியோரெல் கேட்கவில்லை. சட்டம் போட்டவனே மீறினால் மற்றவர்கள் எதற்காக நிற்க வேண்டும்?

முதுகுக்குப் பின்னால் பந்து கையுறையில் அறையும் சத்தம் கேட்டது. தூரத்தில் எதிரணிக் கூட்டம் 'அய்யோ' என்று நொந்துகொண்டது. பிடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

வியோரெல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டார்.

சூரியகாந்தி விதைப் பொட்டலம் விற்கும் ஃப்லோரிகா படியிலிருந்து இறங்கி வந்தாள். இந்தப் பக்கத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். சபதத்தில் அவளுக்குப் பங்கில்லை. வந்தவள் நின்று, மைதானத்தையும் வியோரெலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வியோரெல் அண்ணே, ஒரு தடவ திரும்பித்தான் பாருங்களேன். பையன் என்ன போட்டிருக்கான்னு பாருங்க."

"அதப் பாக்கக் கூடாதுன்னுதானேம்மா இப்படி நிக்கிறோம். எம்மவன்ங்கிறதுக்காக நீலம் நல்லதாயிருமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேலே இருந்து நாலு பேர் அவளை அதட்டினார்கள். எப்படியோ போங்க என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனாள்.

இருபதாவது நிமிடத்தில் கோல் கம்பத்தில் ஏதோ மோதியது. பந்து மோதுகிற சத்தம் இல்லை அது. விசில் நீளமாக ஊதியது. அதன்பிறகு எதிரணிக் கூட்டம்கூடச் சத்தம் போடவில்லை.

பாந்தேலே அவர் கையைப் பிடித்து, திரும்பித் தொலையேன் என்றார். வியோரெல் புகைபோக்கியையே வெறித்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நிமிடம். தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நின்றார்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மேளம் ஒலித்தது. எண்ணூறு பேரும் திரும்பினார்கள்.

கோலில் யாரோ ஒருவன் ஆரஞ்சு நிறச் சட்டையில் நின்றிருந்தான். ஓரமாக, இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, கோஸ்மின் தோளைப் பொத்தியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

அவன் போட்டிருந்தது பழுப்புச் சட்டை. வெள்ளைக் காலர் வைத்த பழைய பழுப்பு.

கோல்கீப்பருக்கு அணியின் நிறம் கிடையாது; மற்ற பத்துப் பேரிடமிருந்து அவன் தனித்துத் தெரிய வேண்டும் என்பது விதி. அணி நீலத்துக்குப் போன பிறகு, மைதானத்தில் பழுப்பைப் போட்டுக்கொள்ளக்கூடியவன் அவன் ஒருவன்தான். இத்தனை மாதத்தில் இந்த எண்ணூறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கோஸ்மின் வீரர்கள் போகும் சுரங்க வழிக்குள் போய் மறைந்தான்.

மகன் பந்தை எப்படிப் பிடித்தான், பாய்ந்து பிடித்தானா, நின்று பிடித்தானா என்று பாந்தேலேயிடம் கேட்டார் வியோரெல்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நானும் உம்பக்கத்துலதானே நின்னேன்."