டெஸ்ட் கால்

புது டிஸ்ப்ளேயில் வெளிச்சம் வந்ததும் அவள் கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு மகனின் எண்ணை அழுத்தினாள்.

ரிப்பேர் ஆன போனிலிருந்து ஒரு டெஸ்ட் கால் போட்டுப் பார்ப்பது தொழில் வழக்கம். மைக் எடுக்கிறதா, ஸ்பீக்கர் இரைகிறதா என்று தெரிய வேண்டும். மற்றக் கடைக்காரர்கள் கஸ்டமர் கேருக்குப் போடுவார்கள், இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு வம்பளப்பார்கள். கடைத்தெருவே ‘டிஸ்ப்ளே அக்கா’ என்று கூப்பிடும் இவள் மட்டும் இரண்டு வருஷமாக ஒரே எண்ணைத்தான் போடுகிறாள்.

அவளுடைய சொந்த எண்ணை மகன் பிளாக் செய்துவிட்டான். ஆனால் அவன் பார்ப்பது டெலிவரி வேலை. தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் பிழைப்பு ஓடாது.

ஹலோ என்பான். யாருங்க என்பான். பதில் வராவிட்டால் வைத்துவிடுவான். அந்த இரண்டு வார்த்தையிலேயே சளி பிடித்திருக்கிறதா, சாப்பிட்டானா, யாரிடமாவது திட்டு வாங்கினானா என்று கண்டுபிடித்துவிடுவாள். ஊரார் போனெல்லாம் உடைந்த புண்ணியத்தில் பெற்றவள் காது நிறைந்தது.

நாலு நாளாக அந்த எண் ஸ்விட்ச் ஆஃப்.

ஒன்பது போனை ரிப்பேர் செய்து ஒன்பதிலும் போட்டுப் பார்த்துவிட்டாள். கவர் மாற்ற வந்தவர்களின் போனைக்கூட, சிக்னல் சரியில்லையே என்று பொய் சொல்லி வாங்கிப் போட்டாள். நாள் முழுக்க பைக்கில் பறக்கிறவன். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவள் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்றால் அவன் குடியிருக்கும் வீடே அவளுக்குத் தெரியாது.

இப்போது காதில் கேட்டது வேறு சத்தம். பிஸி.

போன உயிர் திரும்பி வந்தது. பிஸி என்றால் போன் ஆன் ஆகியிருக்கிறது. யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான். பேசட்டும், வாய் வலிக்கப் பேசட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். பிஸி. மூன்றாவது தடவையும் பிஸி.

நாலாவது தடவை விரல் பாதியில் நின்றது.

பதிமூன்று வருஷத் தொழில். போட்ட நொடியில் இப்படி விடாமல் பிஸி வருவது எப்போது என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு போன் தன் சொந்த எண்ணையே கூப்பிடும்போதுதான்.

அவள் கையிலிருந்தது மகனின் போன்.

கண்ணாடிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் போன், பைக்கிலிருந்து விழுந்துவிட்டது, நல்லவேளை போன் மட்டும்தான் விழுந்தது, அவர் விழவில்லை என்று சொல்லி, லாக் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவள்.

அப்படியென்றால் இவள்தான் அந்தப் பெண்.

இரண்டு வருஷத்துக்கு முன் சார்ஜ் ஏறவில்லை என்று மகன் தன் போனை இதே மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஊரார் போனில் ஒரு போட்டோவைக்கூடத் திறந்து பாராதவள், பெற்ற பிள்ளை போன்தானே என்று திறந்தாள். ஒரு பெண்ணும் அவனும் பேசிக்கொண்டதையெல்லாம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தாள். படித்ததோடு விட்டாளா? அந்தப் பெண்ணின் அப்பாவுக்கே போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினாள். அவர்கள் பெண்ணை அடித்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள்.

மகன் ஒரு வார்த்தை கத்தவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. புரொஃபைல் படத்தில் ஒரு பூனைதான் இருந்தது.

இப்போது போன் மேஜையில் திறந்து கிடந்தது. மூடிக் கொடுத்துவிடு என்று மனசு சொன்னது. சொல்வது அதன் வேலை. மெசேஜைத் தொட மாட்டேன், போட்டோவைத் தொட மாட்டேன், ஒரே ஒரு இடம் மட்டும் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, பிளாக் செய்த எண்களின் பட்டியலைத் திறந்தாள்.

அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அம்மா.

அந்தப் பெயரை அவன் அழிக்கவில்லை. வெறும் எண்ணாகவும் ஆக்கவில்லை. பக்கத்திலிருக்கும் பெருக்கல் குறியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பிளாக் போய்விடும், இன்று சாயங்காலமே தன் போனிலிருந்து கூப்பிடலாம். விரலைக் கொண்டுபோனாள்.

ஸ்டூல் நகர்ந்தது. அந்தப் பெண் எழுந்து கவுண்டரின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள். மேஜை விளக்குக்கு அடியில் ஸ்கிரீனில் இருந்தது அவளுக்கும் தெரிந்தது.

“உள்ள திறந்து பாக்குறாங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு, அத்தை. பாக்கலைன்னா நாளைக்கு அவரே வரேன்னாரு.”

அவள் ஸ்கிரீனை அணைத்தாள். போனை நீட்டினாள்.

அந்தப் பெண் அதை வாங்கி, புதுக் கண்ணாடியில் பதிந்திருந்த விரல் தடத்தைத் துப்பட்டாவால் மெதுவாகத் துடைத்தாள். பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“நீங்க பாக்கலைன்னே சொல்லிடுறேன்.”