பெயரின் வால்

"பதினொண்ணு."

தேர்வுக்குழுத் தலைவர் அந்த எண்ணை உரக்கப் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"மொத்த சர்வீஸுக்கும் பதினோரு சைட்டேஷன். எங்க கெமிஸ்ட்ரில பிள்ளைங்க தீசிஸ் முடிக்கறதுக்குள்ள இருநூறு வாங்கிடுதுங்க."

யாரோ சிரித்தார்கள்.

"இதுல நீங்களே உங்களுக்குப் போட்டுக்கிட்டது எத்தனை மேடம்?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியர் பதவிக்கு அவளுடைய கடைசி நேர்காணல் இது. வருகிற ஆனியில் ஓய்வு.

பெயர் இல்லாத செடிகளைத் தேடிப் போய்ப் பெயர் வைப்பது அவள் வேலை. தாவரவியலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னால், அதைச் சூட்டியவரின் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள். ஒரு வால் போல. பிறகு யார் அந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் வாலையும் சேர்த்தே எழுதுவார்கள்.

சைட்டேஷன் என்று பிறர் கட்டுரைகளில் வரும் மேற்கோள்களை எண்ணும் கணினி, வாலை எண்ணுவதில்லை.

தலைவருக்குப் புகழ் வாங்கிக் கொடுத்ததும் ஒரு செடிதான். களக்காட்டு மலையில், நீர் கசியும் பாறை இடுக்கில் வளர்வது. அதன் சாறு எலிகளின் புற்றுக் கட்டியைச் சுருக்குகிறது என்று அவர் எழுதினார். அதை ஆறாயிரம் பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள்.

அந்தச் செடியின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் இருந்தது. சில ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி.

செல்லக்கனி என்ற அவள் பெயரில் முன்பாதி.

போன வருடம் அவர் இங்கே உரையாற்ற வந்தபோது, அந்த வாலையும் லத்தீன் சொல் என்று நினைத்து நீட்டி வாசித்தார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, இத்தனை வருஷத்துல உங்க வேலைய யாராவது யூஸ் பண்ணியிருக்காங்களா? ஒருத்தர் பேராவது சொல்லுங்க பாப்போம்."

அவள் நிமிர்ந்தாள்.

அறை சிரிக்கத் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை போதும். அந்தச் சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிடும். வெள்ளைத் தலை. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. அவரைப் பெரிய மனிதர் என்று நம்பி இருபுறமும் உட்கார்ந்திருக்கும் இளைய குழு உறுப்பினர்கள்.

ஒரு மனிதனை நாலு பேர் முன் கூனிக்குறுக வைத்து வாங்கும் பதவியைச் சாமி முன் கொண்டுபோய் வைக்க முடியாது.

"தெரியலை சார்."

அவர் தாளில் எதையோ அடித்தார்.

"நீங்க போலாம்."

வெளியே மூன்று மணி வெயில். படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. தலைவருக்குக் கொடுக்க வைத்திருந்த நினைவுப் பரிசு. சிவப்பு ரிப்பன் கட்டி, அவர் புகழ் பெற்ற அதே செடியை வைத்திருந்தார்கள். பெயரட்டையில் வால்வரை பிழையில்லாமல் எழுதியிருந்தது.

பாறை நிழலில் வாழ்கிற செடி. இலைகள் துவண்டு தொட்டியின் விளிம்பில் தொங்கின.

அவள் குனிந்து தொட்டியைத் தூக்கப் போனாள்.

"யம்மா, தொடாதீங்க." காவலாளி ஓடி வந்தார். "அது சாரோட செடி."

கையை எடுத்துக்கொண்டாள்.

"இதுக்கு வெயில் ஆகாதுண்ணே. உள்ள வச்சிருங்க."

"இங்கனதான் வைக்கச் சொன்னாவ. சார் வெளிய வரும்போது போட்டோ எடுக்கணுமாம். நான் எடுத்தா என்னைய ஏசுவாவ."

அவர் சொன்னதும் நியாயம்தான்.

உள்ளே அடுத்தவரின் எண்ணைப் படித்தார்கள். மறுபடியும் சிரிப்பு.

அவள் போகவில்லை. சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு தன் நிழல் தொட்டியின் மேல் விழும்படி நகர்ந்து நின்றுகொண்டாள்.