பேய் தண்ணீர் குடித்த காட்சி

பழைய பேய்ப்படங்களுக்கு விமர்சனம் எழுதும் எட்வின், சிறுவயதில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார். கிணற்றிலிருந்து ஏறிவரும் பேய், ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, யாரையும் தொடாமல் திரும்பிப் போகும் காட்சிக்கு ஈடே இல்லையாம். அப்படியொரு காட்சியே படத்தில் கிடையாது என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி போட்டுப் பார்த்தார். பேய் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அன்று கொட்டகையில் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு காதோடு கதை சொன்ன எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"பேய் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டுன்னு நீதானேக்கா சொன்ன?"

"எனக்கென்னடா தெரியும்? நானும் கண்ண மூடிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு அக்காவே கேட்டார்.

"ஏன்டா, அது போகலியா?"

"போயிட்டுக்கா," என்றார் எட்வின்.