மர்ஜானின் இளஞ்சிவப்புச் சட்டை

"இதுக்கு விலையே இல்லை, பிள்ளை. ஐயாயிரம் பிராங்க்," என்றார் இராஜசிங்கம்.

"விலையில்லாத சாமானுக்கு ஐயாயிரமோ, அங்கிள்?"

"விலை இருந்திருந்தா குறைச்சுத் தந்திருப்பன். மெல்லக் கதையும். உள்ளுக்க மனுசி நிக்கிறா."

சூரிச் நகரின் லாங்ஸ்ட்ராஸ வீதியில் இருந்தது அவருடைய பலசரக்குக் கடை. முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவே ஓர் இளஞ்சிவப்புக் காற்பந்துச் சட்டை விரிந்து கிடந்தது. மிதுஷா வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு அதைத் தொட்டாள்.

வளைகுடாக் கரையிலுள்ள மர்ஜான் காற்பந்துக் கழகம் தன் ஊரில் அருங்காட்சியகம் திறக்கப்போகிறது. அதற்கான பழம்பொருள்களைத் தேடி வாங்கும் பொறுப்பு மிதுஷா வேலை பார்க்கும் ஏல நிறுவனத்துக்கு வந்திருந்தது. சுவிஸில் தேட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 1996 கோடையில், இங்கே ஒரு மலையூருக்குப் பயிற்சிக்கு வந்த அணி, முதன்முதலாக அணிந்த இளஞ்சிவப்புச் சட்டை.

"ஏற்கெனவே ரெண்டு வாங்கினனான், அங்கிள். ரெண்டும் போலி. மூண்டாவதும் போலியெண்டா எனக்கு வேலை இல்லையெண்டு முதலாளி சொல்லிப்போட்டார்."

"என்ர கடையில பழுதெண்டா திருப்பித் தரலாம். தேங்காய்க்கு மட்டும்தான் உத்தரவாதம் இல்லை."

மிதுஷா பையிலிருந்து பொன் விளிம்பிட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தாள். கழகத்தின் வரலாறு. "இதைக் கேளுங்கோ," என்று தமிழாக்கியபடியே வாசித்தாள்.

'அந்நாளில் எமது வீரர்கள் வெள்ளைச் சட்டை அணிந்தனர், தொடர்ந்து தோற்றனர். அன்று மாலை எமது தலைவர் பனிமலையைப் பார்த்தார். அந்தி வெயிலில் அது பவளமாய்ச் சிவந்து நின்றது. இதுவே நமது நிறம் என்றார். விடிவதற்குள் சட்டைகள் அனைத்தும் அந்நிறம் பெற்றன. அணி வென்றது. அதன்பின் நாம் வேறு நிறம் அணிந்ததில்லை.'

"மர்ஜான் எண்டாலே அரபில பவளம்தான், அங்கிள். என்ன பொருத்தம் பாருங்கோ!"

இராஜசிங்கம் மீசையைத் தடவினார். "நல்ல மனுசன் அந்தத் தலைவர். கத்தப்போறார் எண்டு நினைச்சன். சட்டையைப் பாத்தார், மலையைப் பாத்தார், சிரிச்சார்."

"ஏன் கத்தோணும்?"

"சின்ன வெங்காயம் புதுசா வந்திருக்கு. ஒரு கிலோ போடட்டோ?"

"கதையை மாத்தாதேங்கோ. மூவாயிரம்."

"ஐயாயிரம். தேங்காய் ரெண்டு சும்மா தாறன்."

"மூவாயிரத்து ஐநூறு."

"நாலாயிரத்து எண்ணூறு. தேங்காய் இல்லை."

மிதுஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டையை உள்பக்கமாகப் புரட்டினாள். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, தையல் தையலாகப் பார்த்தாள்.

"போலிக்காரர் ஒரே சீராச் சாயம் போட்டிருந்தவங்கள். அசல் சட்டை ஒண்டு அங்க தலைவர் வீட்டில இருக்கு. அதில சாயம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு. இதிலயும் அப்பிடித்தான் இருக்கு. இன்னுமொண்டு..."

அவளுடைய கை அக்குள் தையலில் நின்றது. மயிரிழை பருமனில் ஏதோ மின்னியது.

"தங்க இழை! ராசிக்கெண்டு ஒவ்வொரு சட்டையிலயும் தங்க இழை வைச்சுத் தைப்பிச்சவராம் தலைவர். புத்தகத்தில படத்தோட கிடக்கு. அங்கிள், இது அசல்!"

"அப்ப திரும்பவும் ஐயாயிரம்."

"சரி, தாறன். ஆனா இது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சதெண்டு எழுதி ஒப்பம் வைக்கோணும். இல்லாட்டி வாங்கேலாது."

அதுவரை சளைக்காமல் பேசிய மனிதர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவையள் தங்கின ஹோட்டல்ல வேலை செய்தனான். கிடைச்சது."

"தந்தவையோ, எடுத்தனீங்களோ?"

"மெல்ல, பிள்ளை, மெல்ல..."

"களவெண்டா எனக்கு வேலை போகும். உங்களுக்குப் பொலிஸ் வரும்."

"ஐயோ, களவில்லை! பன்னிரண்டில ஒண்டு சுருங்கிப்போச்சு. ஒருதருக்கும் அளவில்லை எண்டு எறிஞ்சவங்கள். நான் எடுத்து வைச்சனான்."

"புதுச் சட்டை ஏன் சுருங்கினது?"

இராஜசிங்கம் உள்ளறைத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஆர் சாட்சி, அங்கிள்? சாட்சி இல்லாமல் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார்."

"சாட்சி நான் சொல்லுறன்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

கலாவதி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெங்காய மூட்டைப் பக்கம் நகர்ந்தார்.

அவள் கையிலிருந்த பழைய பட்டுச்சேலையை உதறி, சட்டைக்குப் பக்கத்தில் விரித்தாள். ஒரு காலத்தில் செக்கச்செவேலென்று இருந்திருக்க வேண்டும். இப்போது திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது. கரையில் அங்கங்கே சரிகை இழைகள் பிய்ந்துபோயிருந்தன.

மிதுஷா உருப்பெருக்கியைச் சேலைக் கரையில் வைத்தாள். பிறகு சட்டையில் வைத்தாள். பிறகு பொன் விளிம்புப் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"கலியாணத்தண்டு இந்தக் கூறைச்சேலையில குழம்பு கொட்டிப்போச்சு, பிள்ளை. எங்கட கட்டிடத்தில எங்களுக்கு உடுப்புத் தோய்க்கிற முறை வர இன்னும் பத்து நாள் கிடந்தது. பொறுக்கேலாத மனுசன், ஹோட்டல் மெஷினில, ஒருதரும் காணாமல் அந்த வெள்ளைச் சட்டையளுக்க ஒளிச்சுப் போட்டுத் தோய்ச்சவர். இப்ப நீர் எழுதும்: கழகத்துக்கு வரவு, நிறம் ஒண்டு, தங்க இழை பன்னிரண்டு, சரித்திரம் ஒண்டு; எனக்குப் பாக்கி, கூறைச்சேலை ஒண்டு."